பிக்கப் வாங்கலாமா, எஸ்.யு.வி. போதுமா? – வாசகர் கேள்வி பதில்

தோட்டத்துக்கும் கடைக்கும் குடும்பத்துக்கும் ஒரே வண்டி போதுமா என்று கேட்டு வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்களுக்குப் பொள்ளாச்சி பக்கம் எட்டு ஏக்கர் தென்னந்தோப்பு. வீட்டில் ஐந்து பேர். வாரத்தில் மூன்று நாள் தோப்புக்குப் போய்வர வேண்டும். உரம், தேங்காய், பூச்சிமருந்து, சொட்டுநீர்க் குழாய் எல்லாம் ஏற்றுவோம். மாதம் ஒரு தடவை குடும்பத்தோடு கோவை போவோம். இசுஸு வி-கிராஸ் பிக்கப் எடுக்கலாமா, ஸ்கார்ப்பியோ-என் எஸ்.யு.வி. எடுக்கலாமா? (வாசகர், பொள்ளாச்சி)

ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ஒரு தாளில் எடைக் கணக்கு போடுங்கள். யூரியா மூட்டை 45 கிலோ, பொட்டாஷ் 50 கிலோ. யூரியா ஆறு, பொட்டாஷ் நான்கு என்றால் 470 கிலோ ஆகிவிட்டது. உரித்த தேங்காய் ஒன்று அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்தால் இருநூறு காய் 120 கிலோ வரும். மட்டையோடு ஏற்றினால் இரண்டு மடங்குக்கும் மேல். 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி ஏற்றினால் தண்ணீர் மட்டுமே 500 கிலோ.

இந்தக் கணக்கை வண்டியின் கணக்கோடு பொருத்துங்கள். கதவுத் தூண் அருகிலோ என்ஜின் அறையிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் மொத்த எடை வரம்பு இருக்கும். அதிலிருந்து வண்டியின் காலி எடையைக் கழித்தால் வருவதுதான் அந்த வண்டி சுமக்கக்கூடிய எடை. மொத்த எடை வரம்பு 2,500, காலி எடை 2,000 என்று ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 500 கிலோ. அதில் ஐந்து பேர் ஏறினால் ஆளுக்கு 65 வீதம் 325 போய்விடும். பின்தொட்டிக்கு மிஞ்சுவது 175 கிலோ, அதாவது நான்கு யூரியா மூட்டைகூட இல்லை. ‘பிக்கப் என்றால் ஒரு டன் தாங்கும்’ என்ற நம்பிக்கை இங்கேதான் அடிபடுகிறது. சொந்த உபயோகத்துக்கு வெள்ளை போர்டில் விற்கும் இரட்டை கேபின் (இரண்டு வரிசை சீட் உள்ள) பிக்கப்கள், சரக்கு வண்டியாக விற்கும் பிக்கப் அளவுக்குச் சுமக்க வடிவமைக்கப்பட்டவை அல்ல. ஒரு டன் வேண்டுமானால் பொலிரோ கேம்பர், டி-மேக்ஸ் எஸ்-கேப் போன்ற சரக்கு வகை இரட்டை கேபின்களைப் பார்க்க வேண்டும். அவை மஞ்சள் போர்டில் வருபவை.

எடைக்கு அடுத்தது, ஏற்றும் பொருள் என்ன என்பது. உங்கள் பட்டியலில் பூச்சிமருந்து இருப்பதால் எஸ்.யு.வி. எங்களுக்குச் சரியாகப் படவில்லை. ஏ.சி. போட்டு கண்ணாடி ஏற்றிய கேபினுக்குள் பூச்சிமருந்து டப்பா கசிந்தால் அந்த ஆவியை மூச்சில் இழுப்பவர்கள் பின்சீட்டுப் பிள்ளைகள். சீட் நுரையில் ஒருமுறை ஊறிய மருந்தைக் கழுவி எடுக்கவும் முடியாது. எருவும் டீசல் கேனும் அப்படித்தான். பிக்கப்பில் தொட்டி தனி, கேபின் தனி. இந்த வசதியை எந்த எஸ்.யு.வி.யும் தராது.

குழாய் விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். இரட்டை கேபின் பிக்கப்பின் தொட்டி நீளம் ஏறத்தாழ ஐந்தடிதான். சொட்டுநீர்க் குழாய்ச் சுருள் தாராளமாக ஏறும். இருபதடி பி.வி.சி. குழாய் இதிலும் ஏறாது, எஸ்.யு.வி.யிலும் ஏறாது. அதற்கு நீளத் தொட்டியுள்ள சரக்கு வண்டிதான்.

வாரம் மூன்று நாள் தோப்பு, மாதம் ஒரு நாள் குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்குக்கு வி-கிராஸ் எடுங்கள். தோப்புக்கு இருவர் போகும் நாளில் உரமும் காயும் ஏற்றுங்கள், ஐவரும் போகும் நாளில் தொட்டி லேசாக இருக்கட்டும். வருடத்தில் சில தடவை வரும் முழு உர லோடைக் கடைக்காரர் வண்டியிலேயே இறக்கச் சொல்லுங்கள். இந்தக் கணக்கு தலைகீழாக, அதாவது வாரம் முழுக்கக் குடும்பம், மாதம் ஒரு நாள் தோப்பு என்றிருந்தால் ஸ்கார்ப்பியோ-என் எடுக்கச் சொல்லியிருப்போம்.

இன்னொன்று. பொட்டாஷ் குளோரைடு உப்பு. மூட்டை ஓட்டையாகிக் கொட்டி, மேலே மழைத்தண்ணீரும் பட்டால் தொட்டித் தகட்டைச் சீக்கிரம் அரித்துவிடும். தொட்டிக்குள் பிளாஸ்டிக் லைனர் போட்டிருந்தால் ஆபத்து கூடுதல், ஏனென்றால் உப்புத் தண்ணீர் லைனருக்கு அடியில் தேங்கி வெளியே தெரியாமல் வேலை செய்யும். உரம் ஏற்றிய அன்றே தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவையாவது லைனரைக் கழற்றி அடியில் பாருங்கள். தொட்டியின் மூலைகளில் உள்ள வடிகால் ஓட்டைகளில் மட்டைத் தூள் அடைத்திருந்தால் கம்பியால் குத்தி விடுங்கள்.

கேள்வி: காய்கறி மொத்த வியாபாரம். வெள்ளை போர்டு, மஞ்சள் போர்டு இரண்டுக்கும் செலவில் என்ன வித்தியாசம்? மஞ்சள் போர்டு ஓட்ட எனக்குத் தனி லைசென்ஸ் வேண்டுமா? (வாசகர், ஒட்டன்சத்திரம்)

லைசென்ஸில் தொடங்குவோம். உங்களிடம் எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் இருந்தால் போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியை அதை வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. பெர்மிட்டும் எல்லா வண்டிக்கும் தேவையில்லை. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் விலக்கு தருகிறது.

வரியில் வித்தியாசம் பெரிது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம் ஆனது. நான்கு மீட்டருக்கு மேல் நீளமும் 1,500 சி.சி.க்கு மேல் என்ஜினும் உள்ள பெரிய எஸ்.யு.வி.க்கு 40 சதவீதம். தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு வாழ்நாள் வரி வண்டி விலையில் சதவீதமாகப் போடப்படும்: 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். சரக்கு வண்டிக்கு வரி எடையை வைத்து வரும், தொகை மிகக் குறைவு. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள தொழிலாக இருந்தால், ஆள் ஏற்றும் காருக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரவாக (நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதாக) எடுக்க முடியாது. சரக்கு வண்டிக்கு எடுக்கலாம். ஆனால் விற்பது வரிவிலக்குள்ள பச்சைக் காய்கறி மட்டும் என்றால் அந்த வரவுக்கே வேலை இல்லை. உங்கள் ஆடிட்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

வாங்கும்போது மிச்சமானதில் ஒரு பகுதியை ஓட்டும்போது திருப்பிக் கொடுப்பீர்கள். 2022 ஜூனில் நிர்ணயித்த மூன்றாம் நபர் காப்பீட்டுத் தொகையைப் பாருங்கள்: 1,500 சி.சி.க்கு மேற்பட்ட சொந்தக் காருக்கு வருடத்துக்கு 7,897 ரூபாய். 7,500 கிலோ வரையிலான வாடகைச் சரக்கு வண்டிக்கு 16,049 ரூபாய். வரி தனி. எஃப்.சி. எனும் தகுதிச் சான்றும் எடுக்க வேண்டும். முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, அதற்குப் பிறகு வருடா வருடம். எஃப்.சி. காலாவதியான வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அதுவே காரணமாகிவிடும், தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். சரக்கு வகை வண்டியில் 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாடு இருக்கும். நான்குவழிச் சாலையில் சென்னைக்கு அடிக்கடி போகிறவருக்கு இது தினசரி எரிச்சலாகும். ஒட்டன்சத்திரம் சந்தையைச் சுற்றி ஓடுகிறவருக்கு ஒரு பொருட்டில்லை.

வெள்ளை போர்டு பிக்கப்பில் உங்கள் சொந்தப் பொருளைக் கொண்டுபோவது ஒன்று, அடுத்தவர் சரக்கை வாடகைக்கு ஏற்றுவது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள். பக்கத்துக் கடைக்காரர் கொடுக்கும் டீசல் காசுகூட விபத்து நேர்ந்தால் வாடகையாகவே பார்க்கப்படும். ஒரு பிக்கப் வெள்ளை போர்டில் கிடைக்கும் என்று ஷோரூமில் சொன்னால், ஆர்.சி.யில் வண்டி வகை என்னவென்று வரும், எந்த வரி விகிதம் போடுவார்கள் என்ற இரண்டையும் முன்பணம் கொடுப்பதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். விற்பனையாளர் வாயால் சொன்னதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்ட முடியாது.

நீங்கள் கேட்டது காய்கறி மொத்த வியாபாரத்துக்கு. மஞ்சள் போர்டுதான்.

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். மழை நாளில் வளைவில் திரும்பும்போது என் பிக்கப்பின் பின்பக்கம் வழுக்குகிறது. டயர் புதிதுதான். எஸ்.யு.வி.யாக மாற்றிவிடலாமா? (வாசகர், கோத்தகிரி)

மாற்றுவதற்கு முன் காரணத்தைப் பாருங்கள். காலி பிக்கப்பில் என்ஜினும் கேபினும் முன்னால் இருப்பதால் எடையும் முன்னால்தான். பின்னச்சின் மேல் இருப்பது வெறும் தொட்டி. அதைத் தாங்கும் கமான் பட்டையோ (இரும்பு இலைகளை அடுக்கிய ஸ்பிரிங்) லோடு சுமக்கச் செய்தது, எடை இல்லாதபோது விறைப்பாக நிற்கும். குண்டும் குழியுமான வளைவில் பின்சக்கரம் தரையில் ஒட்டி உருளாமல் துள்ளும். 4×2-விலும், 2எச்-ல் (இரு சக்கர இழுவையில்) ஓடும் 4×4-விலும் (நான்கு சக்கர இழுவை வண்டி) இழுவிசை முழுதும் அந்தத் துள்ளும் சக்கரங்களுக்கே போகிறது. ஈரத்தில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினாலும் பின்பக்கம் விலகும். டொயோட்டாவில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்: ஹைலக்ஸ் பிக்கப்பும் ஃபார்ச்சூனர் எஸ்.யு.வி.யும் ஒரே அடித்தளக் குடும்பம், 2.8 லிட்டர் டீசல் என்ஜினும் ஒன்றே. ஆனால் ஹைலக்ஸின் பின்னால் கமான் பட்டை, ஃபார்ச்சூனரின் பின்னால் காயில் ஸ்பிரிங். காலியாக ஓட்டினால் இரண்டும் வேறு வேறு வண்டி.

முதலில் டயர் காற்று. பங்க் பையன் லோடு வண்டி என்று நினைத்து முழு லோடுக்கான காற்றை அடித்துவிடுவது வழக்கம். காலிக்கும் முழு லோடுக்கும் உள்ள வித்தியாசம் சில வண்டிகளில் பின் டயரில் 10 பி.எஸ்.ஐ.க்கும் மேல். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அட்டவணையில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். காலி ஓட்டத்துக்குக் காலி அளவு வையுங்கள். இது ஒன்றிலேயே துள்ளல் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும்.

அடுத்து, மழைக்காலத்தில் மணல் மூட்டை 60 முதல் 80 கிலோ வரை போடுங்கள். பின்னச்சுக்கு நேர் மேலே அல்லது கொஞ்சம் முன்னால் வைத்து, தொட்டியின் வளையங்களில் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். பின்கதவை ஒட்டி வைத்தால் அச்சுக்குப் பின்னால் தொங்கும் எடை முன்பக்கத்தைத் தூக்கும், ஸ்டியரிங் பிடிமானம் குறையும். கட்டாமல் வைத்தால் திடீர் பிரேக்கில் கேபின் கண்ணாடியைத் தேடி வரும்.

4×4 இருந்தால் எப்போது போட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பிக்கப்களில் உள்ளது பகுதிநேர 4×4. 4எச் (சாதாரண வேகத்துக்கான நான்கு சக்கர இழுவை) போட்டதும் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன்சக்கரங்கள் கடக்கும் தூரம் அதிகம், பின்சக்கரங்களுக்குக் குறைவு. சேற்றிலும் ஈரப் புல்லிலும் சக்கரம் கொஞ்சம் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் அதற்கு வழியில்லை. ஸ்டியரிங் கனக்கும், வண்டி இழுத்து இழுத்து ஓடும், கடைசியில் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத்தான் கேடு. ஆகவே தேயிலைத் தோட்ட மண்பாதையில், சேற்றில் 4எச் போடுங்கள். நனைந்த தார்ச்சாலையில் கொண்டை ஊசி வளைவுகளில் அதை நம்பாமல் வேகத்தைக் குறையுங்கள். 4எல் (மெதுவாக, கூடுதல் விசையோடு இழுக்கும் நிலை) போட வண்டியை நிறுத்தி நியூட்ரலுக்கு வர வேண்டும். இறக்கத்தில் எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள். மசினகுடி – ஊட்டி கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளில் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போவது, மேல் கியரில் பிரேக்கை மட்டும் மிதித்து இறங்குகிறவர்களுக்குத்தான்.

கமான் பட்டையில் கூடுதல் பட்டை எதுவும் சேர்த்திருக்கிறீர்களா? இதைக் குறிப்பாகக் கேட்கிறோம். பல பிக்கப்களில் பின்னச்சையும் வண்டியின் அடிச்சட்டத்தையும் (சேஸிஸ்) இணைக்கும் ஒரு சின்னக் கம்பியோடு ஒரு வால்வு இருக்கும். லோடு ஏறி வண்டி தாழ்ந்தால் பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவதும், காலியாக உயர்ந்து நின்றால் குறைப்பதும் அதன் வேலை. பட்டை சேர்த்தபின் லோடு ஏற்றினாலும் வண்டி தாழாது. ‘காலி’ என்றே வால்வு நினைத்துப் பின்பிரேக்கைக் குறைவாக வைக்கும், நிற்கும் தூரம் கூடிவிடும். பட்டை சேர்க்கத்தான் வேண்டும் என்றால் அந்தக் கம்பியையும் சர்வீஸ் சென்டரில் அளவு பார்த்துத் திருத்த வேண்டும். பட்டை போடும் பட்டறைகளில் இதை யாரும் தானாகச் சொல்வதில்லை.

இத்தனையும் செய்து, அப்போதும் வருடத்தில் பெரும்பாலான நாள் தொட்டி காலியாகவே ஓடுகிறது என்றால் மாற்றிவிடுங்கள். காலியாக ஓட வேண்டிய மலைப்பாதைக்கு எஸ்.யு.வி. நல்லது.

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஹைலக்ஸ் நிறுத்த முடியுமா? (வாசகர், வேளச்சேரி)

தமிழ்நாட்டுக் கட்டிட விதிகளில் ஒரு கார் நிறுத்துமிடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். ஹைலக்ஸின் நீளம் 5,325 மில்லிமீட்டர், வி-கிராஸ் 5,295. இரண்டுமே ஓரடி வெளியே நீட்டும். ஃபார்ச்சூனர் 4,795, ஸ்கார்ப்பியோ-என் 4,662, இவை உள்ளே அடங்கும். ஸ்கார்ப்பியோ-என் 1.9 மீட்டருக்கு மேல் அகலம், இருபுறமும் தூண் இருந்தால் கதவு திறக்கும் இடத்தையும் அளந்து பாருங்கள். திரும்பும் ஆரம் ஃபார்ச்சூனருக்கு 5.8 மீட்டர், ஹைலக்ஸுக்கு 6.4. தரைத்தளச் சரிவுப் பாதையில் ஒரே மூச்சில் திரும்புவதா, முன்னே பின்னே எடுத்துத் திரும்புவதா என்பது அந்த 60 சென்டிமீட்டரில் தீர்மானமாகும்.

கேள்வி: அப்பா அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. மூன்று வயதுக் குழந்தையும் இருக்கிறது. இரட்டை கேபின் பிக்கப்பில் நீண்ட தூரம் போகலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

போகலாம், ஆனால் எஸ்.யு.வி.தான் உங்களுக்குப் பொருத்தம். இரட்டை கேபினில் பின்சீட்டின் முதுகு, தொட்டிச் சுவரை ஒட்டி நிமிர்ந்தே நிற்கும், சாய்க்க முடியாது. இரண்டு மணி நேரத்தில் பெரியவர்களுக்கு இடுப்பு பிடிக்கும். ஏறும் உயரமும் அதிகம், பக்கப் படி இல்லாமல் அம்மா ஏறுவது சிரமம். பெட்டிகளைத் தொட்டியில் போட்டால் மழைக்குத் தார்ப்பாய் கட்ட வேண்டும், சாப்பிட நிறுத்தும் இடத்தில் ஒருவர் காவல் இருக்க வேண்டும்.

பாதுகாப்பையும் பாருங்கள். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்.சி.ஏ.பி. மோதல் சோதனை ஆள் ஏற்றும் கார் வகைக்கு மட்டும்தான். சரக்கு வகை பிக்கப்புக்கு அந்த நட்சத்திரமே கிடையாது. ஸ்கார்ப்பியோ-என் 2022-ல் குளோபல் என்.சி.ஏ.பி. சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியது. எந்த வண்டியாக இருந்தாலும் பின்சீட்டில் குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று விரலை விட்டுத் தொட்டுப் பாருங்கள், குழந்தை இருக்கையைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்தியும் பாருங்கள்.

கேள்வி: பழைய பிக்கப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மீன் ஏற்றிய வண்டி என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது? (வாசகர், தூத்துக்குடி)

மீன் வண்டி என்றால் என்ஜினைப் பார்ப்பதற்கு முன் அடிச்சட்டத்தைப் பாருங்கள். ஐஸ் உருகி மீன் கழிவோடு சேர்ந்து ஒழுகும் தண்ணீர் உப்பு நிறைந்தது. அது தொட்டி விளிம்பு வழியாகச் சட்டத்தின் மேல் வடிந்து, பெட்டி வடிவச் சட்டமாக இருந்தால் ஓட்டைகள் வழியே உள்ளேயும் போய்த் தங்கும். வெளியே புதுக் கறுப்புப் பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு உதிர்ந்துகொண்டிருக்கும். புதுப் பெயின்ட் தெரிந்தாலே சந்தேகப்படுங்கள்.

வண்டியைப் பள்ளத்திலோ லிஃப்டிலோ ஏற்றச் சொல்லுங்கள். சட்டத்தின் பக்க ஓட்டைகளில் டார்ச் அடித்து உள்ளே செதில் செதிலாக உரிகிறதா பாருங்கள். பின்னச்சுக்கு மேலே சட்டம் வளையும் இடத்திலும், பட்டை சட்டத்தோடு சேரும் கொக்கிகளைச் சுற்றியும் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திக் குத்துங்கள், சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்தது மந்தமாகக் கேட்கும். முனை இறங்கினால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள். ஒட்டுப் போட்ட வெல்டிங் இருந்தாலும் அப்படியே. பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாய் முழுக்கத் துருவாக இருந்தால் அதை மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

அடுத்து கமான் பட்டை. எல்லா இலையும் ஒரே வளைவில் இருக்கின்றனவா, ஏதாவது ஒன்று வெடித்திருக்கிறதா, இடதும் வலதும் ஒரே உயரமா என்று பாருங்கள். சமதளத்தில் காலியாக நிற்கும்போதே பின்பக்கம் தாழ்ந்திருந்தால் வருடக்கணக்கில் வரம்பு மீறி ஏற்றியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வண்டியில் கிளட்சும் டிஃப்ரன்ஷியலும் (பின்னச்சின் நடுவில் உள்ள பல்சக்கரத் தொகுதி) சேர்ந்தே தேய்ந்திருக்கும். ஓட்டிப் பார்க்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வந்தால் டிஃப்ரன்ஷியல். புறப்படும்போது வண்டிக்கு அடியில் அதிர்ந்தால், விசையைப் பின்னச்சுக்குக் கொண்டுபோகும் தண்டான கார்டன் ஷாஃப்டின் நடு பேரிங்கையும் குறுக்குச் சந்திப்புகளையும் பாருங்கள். 4×4 என்றால் மண்தரையில் 4எச், 4எல் இரண்டையும் போட்டு ஓட்டிப் பாருங்கள். வருடக்கணக்கில் போடாமலே விட்டு இறுகிப்போன வண்டிகள் நிறைய.

எஃப்.சி., வரி, காப்பீடு, கடன் நிலுவை நான்கையும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண் போட்டுப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். வாங்கிய பிறகும் மீன்தான் ஏற்றப்போகிறீர்கள் என்றால், ஐஸ் தண்ணீர் தொட்டியில் வழியாதபடி மூடியுள்ள காப்புப் பெட்டியில் ஏற்றுங்கள். தினமும் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தையும் சேர்த்துக் கழுவுங்கள். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் கழுவுவது கழுவாததற்குச் சமம்.

கேள்வி: தோட்டத்துப் பெண்களைப் பிக்கப் தொட்டியில் உட்காரவைத்து அழைத்துப் போகிறோம், மூன்று கிலோமீட்டர்தான். பரவாயில்லையா? (வாசகர், தேனி)

கூடாது. தொட்டியில் சீட்டும் இல்லை, பெல்ட்டும் இல்லை. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினாலே ஆள் வெளியே விழ அது போதும், தூரம் குறைவு என்பதால் விழுகிற வேகம் குறையாது. சரக்கு வண்டியில் சரக்கின் உரிமையாளருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும்தான் காப்பீடு பொருந்தும். தொட்டியில் ஏறிய கூலியாட்களுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தால் உங்கள் நிலத்தை விற்றுத்தான் கொடுக்க நேரும். இரட்டை கேபினில் சீட் இருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள், மீதிப் பேருக்கு இரண்டாவது நடை அடியுங்கள். தினமும் எட்டுப் பத்துப் பேர் என்றால் நீங்கள் பார்க்க வேண்டியது பிக்கப்பும் இல்லை எஸ்.யு.வி.யும் இல்லை, ஒரு வேன்.